கராஜ் வேண்டும்தான்; எந்த இடத்தில், எந்த வேலைக்கு?

எமது நகர சபையில் இப்போது ஒரு கோவை கிடக்கிறது. குடியிருப்பு வீதியொன்றில், பத்து பேர்ச் காணியில், வாகனம் திருத்தும் கராஜ் ஒன்றை ஆரம்பிக்க அனுமதி கேட்டு வாலிபர் ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். அதே வீதியிலுள்ள வீட்டுக்காரர்கள் ஒன்றுசேர்ந்து கையொப்பமிட்டு ஆட்சேபனைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். கடந்த சில வாரங்களாக ஊரில் இதுதான் பேச்சு. தேநீர்க் கடையிலும் பேசுகிறார்கள், பள்ளிவாசல் முற்றத்திலும் பேசுகிறார்கள். ஒரு பிள்ளை ஹலாலாக உழைக்க வந்தால் தடுக்கிறார்களே என்கிறது ஒரு தரப்பு. நிம்மதியாக இருந்த வீதியைக் கெடுக்கப் பார்க்கிறார்களே என்கிறது மறு தரப்பு.

இரு தரப்பிலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். "நானா, எங்கட பக்கம் ஒரு வார்த்தை எழுதுங்க" என்று இரு தரப்பாருமே கேட்டுவிட்டார்கள். யாருக்காக எழுதினாலும் மற்றவர் மனம் நோகும். ஆனால் இது ஒரு வீதியின் பிரச்சினை மட்டுமல்ல. நெருக்கமாக வீடுகள் கட்டி வாழும் எமது ஊர்கள் அனைத்திலும் இன்றோ நாளையோ வரப்போகும் பிரச்சினை. ஆகவே எழுதாமல் விடுவதற்கில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வாகன உதிரிப்பாகம் விற்பவன். கராஜ்கள் கூடினால் எனது கடைக்கு இலாபம். நான் சொல்வதை வாசகர்கள் இதையும் மனதில் வைத்து எடைபோட்டுக்கொள்ளலாம்.

கராஜ் ஏன் தேவை?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறத்தாழ ஐந்து வருடங்கள், நாட்டில் ஓடிய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். மாற்ற வேண்டிய வேனை மாற்ற முடியாமல் இஞ்ஜினை இறக்கிச் செய்தோம். கழிக்க வேண்டிய முச்சக்கர வண்டிக்குப் புதுத் தகரம் போட்டோம். இறக்குமதி திறந்த பின்பும் வரியும் விலையும் சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டும் நிலையில் இல்லை. எனவே பழைய வாகனங்கள் இன்னும் பல வருடம் ஓடத்தான் போகின்றன. அவற்றைத் திருத்த ஆட்கள் தேவை. அந்த ஆட்களுக்கு இடம் தேவை.

விண்ணப்பித்திருக்கும் வாலிபர் பன்னிரண்டு வருடம் கட்டாரில் வேலைத்தளமொன்றில் உழைத்தவர். கையில் தொழில் இருக்கிறது, கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது. பிரதான வீதியில் கடை எடுக்க முன்பணம் கொடுத்துத் தீராது. இருப்பது குடும்பக் காணி மட்டும். அங்கேதான் அவர் தொடங்க நினைக்கிறார். இதில் பேராசை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவரிடம் நாலு பிள்ளைகள் வேலை பழகுவார்கள். வெளிநாடு போய் வருபவர்கள் எல்லாம் புடவைக் கடையும் போன் கடையும் போடும் ஊரில், கைத்தொழில் ஒன்றைக் கொண்டு வருபவரைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

ஆனால் அவருடைய தேவை நியாயமானது என்பதால் அந்த இடமும் பொருத்தமானது என்று ஆகிவிடாது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஊரில் நடக்கும் வாதத்தில் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

'கராஜ்' என்பது ஒரே தொழிலா?

விண்ணப்பத்தில் 'வாகனத் திருத்தகம்' என்று ஒரே சொல்லில் எழுதியிருப்பதாக அறிகிறேன். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கராஜ் என்று நாம் சொல்வதற்குள் குறைந்தது நான்கு தொழில்கள் இருக்கின்றன.

முதலாவது மெக்கானிக் வேலை. இஞ்ஜின், பிரேக், கிளட்ச், கியர் பெட்டி ஆகியவற்றைக் கழற்றிப் பூட்டுவது. இதில் சத்தம் இருக்கிறது, ஆனால் தொடர்ந்து இல்லை. பெரிய பிரச்சினை கழிவு எண்ணெய்.

இரண்டாவது வயரிங், பெற்றரி, ஏசி வேலை. இது அயலவருக்கு அதிகம் தெரியாத வேலை. பழைய பெற்றரியின் அசிட்டும் ஈயமும் நிலத்தில் சிந்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது சேர்விஸ், அதாவது கழுவி கிறீஸ் அடிப்பது. இங்கே தண்ணீர்தான் பிரச்சினை. எண்ணெயும் மண்ணும் சோப்பும் கலந்த நீர் எந்த வடிகானில் போய் விழுகிறது என்பதுதான் கேள்வி.

நான்காவது டிங்கர் வேலையும் பெயின்ட் அடிப்பதும். தகரத்தைச் சுத்தியலால் தட்டி நேராக்குவது, கிரைண்டர் பிடிப்பது, வெல்டிங், பட்டி தேய்ப்பது, ஸ்ப்ரே அடிப்பது. சத்தம், தூசு, மணம், வெளிச்சம் நான்கும் இதில் சேர்ந்து வருகின்றன. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயின்ட்டுகளில் ஐசோசயனேட் என்னும் இரசாயனம் இருக்கிறது. சுவாசித்தால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அதனால்தான் மூடிய அறையும், உறிஞ்சி வடிகட்டும் விசிறியும், அடிப்பவருக்குத் தகுந்த முகமூடியும் வேண்டும் என்கிறார்கள். எமது ஊர்களில் பெரும்பாலும் திறந்த கொட்டகையில், மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் அடிக்கிறார்கள்.

இந்த நான்கில் எதற்கு அனுமதி கேட்கப்படுகிறது? அயலவர் கடிதத்தில் 'கராஜ் வேண்டாம்' என்று இருக்கிறது. விண்ணப்பத்தில் 'கராஜ் வேண்டும்' என்று இருக்கிறது. இரு தரப்பும் ஒரே சொல்லைப் பாவித்து வேறு வேறு விடயத்தைப் பேசுகின்றன. வாலிபர் மனதில் இருப்பது இஞ்ஜின் வேலை. அயலவர் பயப்படுவது டிங்கர் சத்தத்துக்கும் பெயின்ட் மணத்துக்கும். இதை அவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு அறிந்துதான் சொல்கிறேன்.

பத்து பேர்ச்சில் சத்தம் எவ்வளவு தூரம் போகும்?

சத்தம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் விடயம், அதற்கெல்லாம் சட்டமா என்று சிலர் கேட்கிறார்கள். சட்டம் இருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 ஆம் ஆண்டு சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் காணியின் எல்லையில் பகலில் 63 டெசிபல், இரவில் 50 டெசிபல்தான் உச்ச அளவு. பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45. கைத்தொழில் பேட்டைகளில் பகலில் 70 வரை போகலாம். பகல் என்பது காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை. அதற்குப் பிறகு சட்டத்தின் கணக்கில் இரவு.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். தகரத்தில் சுத்தியல் விழும்போது ஒரு மீற்றர் தூரத்தில் 95 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும்போது சத்தம் 6 டெசிபல் குறையும். 2 மீற்றரில் 89, 4 மீற்றரில் 83, 8 மீற்றரில் 77. பத்து பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 250 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 16 மீற்றர். நட்ட நடுவில் நின்று தட்டினாலும் எல்லை மதில் 8 மீற்றரில்தான் இருக்கிறது. அங்கே 77 டெசிபல். சட்டம் அனுமதிப்பது 63. அந்த 63க்கு இறங்க வேண்டுமானால் ஏறத்தாழ 40 மீற்றர் தூரம் போக வேண்டும். இடையில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பதை அந்த வீதியில் நடந்து பார்த்தால் தெரியும்.

சட்டம் பார்ப்பது சராசரி அளவை என்று ஒருவர் சொல்லலாம். சரி. அளக்கும் நேரத்தில் பாதி நேரம்தான் தட்டுகிறார்கள் என்றாலும் சராசரி 3 டெசிபல்தான் குறையும். கால்வாசி நேரம் என்றால் 6 டெசிபல். அப்போதும் எல்லையில் 71. நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை இதைத் தடுக்காது. இடைவெளி இல்லாத கல் சுவரும் மூடிய கூரையும் இருந்தால்தான் சத்தம் நன்றாகக் குறையும். அந்தச் செலவைப் போடும் நிலையில் அந்த வாலிபர் இப்போது இல்லை.

ஆகவே எனது அபிப்பிராயம் இதுதான்: டிங்கர், பெயின்ட் வேலைக்கு அந்தக் காணி பொருந்தாது. அவருடைய நல்ல குணமோ, ஊராரின் அனுதாபமோ இந்தக் கணக்கை மாற்றப் போவதில்லை. ஆனால் மெக்கானிக், வயரிங் வேலைக்கு, நிபந்தனைகளோடு, அந்தக் காணியில் இடம் கொடுக்கலாம்.

கிணறு இருக்கும் ஊரில் எண்ணெய்

சத்தம் நின்றால் நிற்கும். எண்ணெய் அப்படியல்ல. ஒரு காருக்கு ஒயில் மாற்றினால் சுமார் 4 லீற்றர் கழிவு எண்ணெய் வரும். ஒரு நாளைக்கு மூன்று வாகனம், மாதத்துக்கு 25 நாள் என்றால் 300 லீற்றர். அதாவது மாதம் ஒன்றரை பெரல். இந்த ஒன்றரை பெரல் எங்கே போகிறது என்று கேட்பது அயலவரின் உரிமை. வாங்கிப்போக ஆள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அதைவிட, நிலத்தில் சிந்துவதும், கழுவி வடிகானில் விடுவதும், துணியில் துடைத்துக் குப்பையில் போடுவதும்தான் கவலைக்குரியது. அந்த வீதியில் பல வீட்டில் இன்னும் கிணற்றுத் தண்ணீர்தான் பாவனையில் இருக்கிறது.

இதைப் பெரிதாக்குகிறேன் என்று நினைப்பவர்கள் சுன்னாகத்தை நினைத்துப் பார்க்கட்டும். மின் உற்பத்தி நிலையம் ஒன்றின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 இல் அந்த நிலையத்தை நடத்திய கம்பனி பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஒரு சிறு கராஜை மின் நிலையத்தோடு ஒப்பிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கிணற்றில் எண்ணெய் மிதக்கத் தொடங்கிய பிறகு நட்டஈடு வாங்கினாலும் பழைய தண்ணீர் உடனே திரும்பி வராது. அந்தப் பாடம் சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒன்றுதான்.

கையில் ஒரு கடதாசி இருந்தால் போதுமா?

எமது வியாபாரிகளில் பலர் வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரத்தை எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. இந்தத் தொழிலுக்கு மூன்று படிகள் இருக்கின்றன. ஒன்று மற்றதற்குப் பதிலாகாது.

ஒன்று, காணியின் பாவனை. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் 1982 ஆம் ஆண்டுத் திருத்தமும், அச்சட்டம் அமுலில் உள்ள பகுதிகளில் அனுமதியின்றி எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக் கூடாது என்கின்றன. கட்டடம் கட்டுவது மட்டும் அபிவிருத்தி வேலையல்ல. வீடாக இருந்ததை வேலைத்தளமாக மாற்றுவதும் அதற்குள் அடங்கும். ஒரு செங்கல்லும் வைக்கவில்லையே என்று சொல்லித் தப்ப முடியாது.

இரண்டு, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இது வருகிறது. தொழிலின் வகையையும் அளவையும் பார்த்துப் பட்டியல்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பெரியவற்றை மத்திய சுற்றாடல் அதிகார சபை பார்க்கும்; சிறியவற்றை அதன் அதிகாரத்தைப் பெற்று உள்ளூராட்சி சபையே பார்க்கும். இதற்குக் காலவரையறை உண்டு, புதுப்பிக்க வேண்டும். நிபந்தனையை மீறினால் இடைநிறுத்தவோ இரத்துச் செய்யவோ முடியும்.

மூன்று, சபையின் வியாபார அனுமதிப்பத்திரம். நம்மவர்கள் முதலில் எடுப்பதும், பெரும்பாலும் எடுத்து நிறுத்திக்கொள்வதும் இந்த மூன்றாவதைத்தான்.

இதற்கெல்லாம் மேலாக, அயலவர் நீதவான் நீதிமன்றத்துக்கும் போகலாம். 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின்படி பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிட முடியும். 'எனக்கு லைசன்ஸ் இருக்கிறது' என்பதை அங்கே ஒரு கேடயமாக நம்பிக்கொண்டு போகக் கூடாது.

டெலிபோன் அனுமதியின் விலை

இனி வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியது. எமது ஊர்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. முதலில் கதவைத் திறந்துவிடுவது, பிறகு கடதாசியைத் தேடுவது. தெரிந்த உறுப்பினருக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்தால் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. அயலவர் வாய் திறந்தால் 'யாரிடம் போய்ச் சொன்னாலும் சொல்லுங்கள்' என்ற பதில்.

எனது வாடிக்கையாளர் ஒருவர் வேறொரு மாவட்டத்தில் இப்படித்தான் தொடங்கினார். வேலை நன்றாகப் போனது. ஹொய்ஸ்ட் போட்டார், பெரிய கொம்ப்ரஷர் எடுத்தார், பெயின்ட் அடிக்கும் பகுதியையும் சேர்த்தார். மூன்றாம் வருடம் அவருக்குத் துணையாக இருந்த உறுப்பினர் தேர்தலில் தோற்றார். அடுத்த மாதமே அயலவரின் முறைப்பாடு தூசு தட்டி எடுக்கப்பட்டது. வழக்குக்கு நடந்ததில் வேலை கெட்டது. கடைசியில் பெயின்ட் பகுதியை மூடி, பிறகு முழுவதையுமே வேறிடத்துக்கு மாற்றினார். பூமியில் பதித்த கொங்கிரீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? கட்டிய லீசிங் தவணை திரும்பி வருமா? பழக்கப்பட்ட வாடிக்கையாளரில் பாதிப் பேர் புதிய இடத்துக்கு வரவில்லை. அனுமதி வேண்டி ஆறு மாதம் காத்திருந்தால் நஷ்டம் என்று நினைத்தவர், மூன்று வருட உழைப்பை இழந்தார்.

ஆளின் தயவில் கிடைத்த அனுமதி அந்த ஆள் இருக்கும்வரைதான். 2023 மார்ச்சில் நாட்டின் பெரும்பாலான உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவான உறுப்பினர்களே இல்லாமல் இருந்தது. உறுப்பினரை நம்பிப் பணம் போட்டவர்கள் அந்தக் காலத்தில் யாரிடம் போனார்கள்? ஒழுங்கான கோவை இருந்தவனுக்கு எந்த அதிகாரி வந்தாலும் பயம் இருக்கவில்லை.

அந்த வாலிபர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். கதவைத் திறப்பதற்கு முன்னரே விண்ணப்பித்திருக்கிறார். எமது ஊரில் இது அபூர்வம். ஒழுங்காகக் கேட்டவனுக்கு 'இல்லை' என்றும், கேளாமல் திறந்தவனுக்கு மௌனமாகவும் சபை பதில் சொன்னால், அடுத்தவர் யாரும் கேட்கப் போவதில்லை. சபை உறுப்பினர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அயலவருக்கும் ஒரு வார்த்தை

அயலவர் உரிமை பற்றிக் குத்பாவில் கேட்காதவர் எம்மில் யாருமில்லை. அந்த உரிமை கராஜ்காரருக்கும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. அவரும் அதே வீதியின் அயலவர்தான்.

கையெழுத்து வேட்டையில் என்ன நடக்கிறது என்று எமக்குத் தெரியும். ஒருவர் தாளைக் கொண்டு வருகிறார், முன் வீட்டுக்காரர் போட்டிருக்கிறார் என்பதால் நாமும் போடுகிறோம். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தவர் எத்தனை பேர்? 'சுற்றாடல் பாதிப்பு, கலாசாரச் சீரழிவு, பிள்ளைகளின் எதிர்காலம்' என்று பெரிய சொற்களை அடுக்கினால் அதிகாரி அதைக் கோவையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். மாறாக, எனது கிணறு அவருடைய எல்லையிலிருந்து இத்தனை அடி, எனது வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருக்கிறார், வீதியின் அகலம் இத்தனை அடி, இரண்டு வாகனம் நின்றால் அம்பியுலன்ஸ் போக முடியாது என்று எழுதினால் அதற்கு யாரும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேறு கராஜ்காரர் ஒருவர் தூண்டிவிட்டு எழுதப்படும் மொட்டைக் கடிதங்களும் உண்டு. காணித் தகராறு, கல்யாணத் தகராறு எல்லாம் சுற்றாடல் முறைப்பாடாக உருமாறி வருவதும் உண்டு. இருபது வருடமாக இருக்கும் கராஜுக்குப் பக்கத்தில் மலிவாகக் காணி வாங்கி வீடு கட்டிவிட்டு, பிறகு சத்தம் என்று முறையிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். இவையெல்லாம் உண்மையான முறைப்பாட்டின் பெறுமதியைக் குறைத்துவிடுகின்றன.

சபை என்ன செய்கிறது என்று தெரியவில்லை என்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தமது தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தின் பிரதி, விதிக்கப்பட்ட நிபந்தனைகள், பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். வீதியில் நின்று சத்தம் போடுவதைவிட இது பலன் தரும். பேசித் தீர்க்கக்கூடியதை மத்தியஸ்த சபைக்கும் கொண்டு போகலாம்.

எழுத்தில் வர வேண்டிய நிபந்தனைகள்

நகர சபை 'அனுமதிக்கப்பட்டது' என்றோ 'நிராகரிக்கப்பட்டது' என்றோ ஒற்றைச் சொல்லில் இந்தக் கோவையை மூடக் கூடாது. அனுமதி கொடுப்பதாயின் பின்வருபவை அனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும்.

1. மெக்கானிக் வேலையும் வயரிங் வேலையும் மட்டும். டிங்கர், கிரைண்டர், ஸ்ப்ரே பெயின்ட், வாகனம் கழுவுதல் இல்லை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

2. காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. அதன் பிறகு கொம்ப்ரஷர் ஓடக் கூடாது. அவசரத்துக்கு என்று ஆரம்பிப்பதுதான் பிறகு வழக்கமாகிறது.

3. வேலை நடக்கும் இடம் முழுவதும் கொங்கிரீட் தளம். மழை நீர் அதன் மேல் விழாத கூரை. தளத்திலிருந்து வடியும் நீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாக மட்டும் வெளியேற வேண்டும்.

4. கழிவு எண்ணெய்க்கு மூடிய பெரல். யார், எப்போது, எவ்வளவு எடுத்துப் போனார் என்று ஒரு கொப்பியில் பதிவு.

5. ஒரே நேரத்தில் காணிக்குள் நிற்கும் வாகனங்களுக்கு ஓர் எண்ணிக்கை. வீதியில் ஒரு வாகனமும் நிற்கக் கூடாது.

6. ஆறு மாதம் கழித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் வந்து, அயலவரையும் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

இதில் எதுவும் அந்த வாலிபரால் முடியாததல்ல. நான் அவரிடம் இதைச் சொன்னபோது, "நானா, கழுவுற வேலையை மட்டும் விட்டால் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் சமாளிக்கலாம்" என்றார். எதிர்ப்புக் கடிதத்தில் முதலாவதாகக் கையெழுத்துப் போட்ட பெரியவரிடமும் சொன்னேன். "இதெல்லாம் எழுத்தில வருமெண்டா நான் யோசிக்கிறேன்" என்றார். 'எழுத்தில்' என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். வாய் வாக்குறுதிகளை நம்பி ஏமாந்த அனுபவம் எமது ஊரில் யாருக்குத்தான் இல்லை?

டிங்கர் பிள்ளைகள் எங்கே போவது?

எல்லா வீதியிலும் டிங்கர் வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டு நான் பேனையை மூடினால் அது நியாயமாகாது. அந்த வேலை செய்பவர்களும் எம்முடைய பிள்ளைகள்தான். அடிபட்ட எமது வாகனங்களை அவர்களிடம்தான் கொண்டு போகிறோம். ஒரு வீதியிலிருந்து துரத்தினால் அடுத்த வீதிக்குத்தான் போவார்கள்.

இதற்குச் சபைதான் வழி காட்ட வேண்டும். ஏக்கலயிலும் இரத்மலானையிலும் கைத்தொழிலுக்கென்று இடம் ஒதுக்கியது போல, எமது அளவுக்கு ஒரு சிறிய இடத்தை, குடியிருப்புக்கு வெளியே, பத்துப் பதினைந்து பட்டறைகளுக்கு ஒதுக்கலாம். ஒரே எண்ணெய்த் தொட்டி, ஒரே பெயின்ட் அறை, ஒரே கழிவுச் சேகரிப்பு என்று செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். தனியொருவரால் போட முடியாத பெயின்ட் அறையை பத்துப் பேர் சேர்ந்து போடலாம். ஊரில் வசதி படைத்த காணிக்காரர்கள் இதை ஒரு முதலீடாகவும் பார்க்கலாம். நியாயமான வாடகை வரும்.

வாடிக்கையாளர் ஊருக்கு வெளியே வருவாரா என்று கேட்பார்கள். உதிரிப்பாகம் வேண்டுமென்றால் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தானே போகிறோம்? ஒரே தொழில் ஓரிடத்தில் கூடியதால் அந்த இடமே பெயராகிவிட்டது. ஒரு கடையில் இல்லாதது அடுத்த கடையில் கிடைக்கும் என்பதால் வாடிக்கையாளர் தேடி வருகிறார். டிங்கர் ஒருவர், பெயின்ட் ஒருவர், வயரிங் ஒருவர், குஷன் ஒருவர் என்று ஒரே இடத்தில் இருந்தால் வாகனத்தைக் கொடுப்பவருக்கும் அலைச்சல் மிச்சம்.

புதிய சபை பதவிக்கு வந்த நாளிலிருந்து வடிகானும் வீதி விளக்கும் பற்றிப் பேசுகிறது. நல்லது. அடுத்த அமர்வில் இந்த இடம் ஒதுக்கும் விடயத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னதாக, மேசையில் கிடக்கும் இந்தக் கோவைக்கு, அயலவரையும் விண்ணப்பதாரியையும் ஒரே அறைக்கு அழைத்து, அந்தக் காணியை நேரில் பார்த்து, காரணத்தோடு எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். இழுத்தடித்தால் அந்த வாலிபரின் சேமிப்பு கரையும். பொறுமை இழந்து அவரும் மற்றவர்களைப் போல் கதவைத் திறந்துவிடுவார். அப்போது கிணற்றுக்கும் பாதுகாப்பு இருக்காது, அவர் போட்ட பணத்துக்கும் பாதுகாப்பு இருக்காது.